பூஞ்சைக்கு மிஞ்சிய முகம்

ராங்கி வேலைக்குத் திரும்பி வந்த அன்று தங்கச்சி அவளுக்காக மூன்று பொருள்களை எடுத்து வைத்திருந்தாள்: ஒரு மாஸ்க், ஒரு கறுப்புக் கண்ணாடி, புதிதாகத் தைத்த பூப்போட்ட திரைச்சீலை. முதல் இரண்டும் முகத்துக்கு. திரைச்சீலை பார்லரின் பின்பக்க அறைக்கு. வேக்ஸ் சூடாக்கும் அடுப்பும் துண்டு துவைக்கும் மெஷினும் அங்கேதான் இருந்தன.

"நீ உள்ளே உட்கார்ந்து வேக்ஸ் பார்த்துக்கோக்கா. ஃபேஸ் பேக் கலந்து குடு, போதும். நின்னு வேலை பார்க்க வேண்டாம். உடம்பு தேறட்டும்" என்றாள் தங்கச்சி. சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. திரைச்சீலையின் வளையங்களைக் கம்பியில் கோத்துக்கொண்டே பேசினாள்.

ராங்கி மூன்றையும் பார்த்தாள். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தாள். அந்தப் பார்வைக்கே தங்கச்சியின் கையிலிருந்து ஒரு வளையம் நழுவி உருண்டது.

"உடம்பு தேறிடுச்சுன்னு டாக்டரே சொல்லியாச்சு. நீ என்ன அவருக்கு மேல டாக்டரா? என் நாற்காலி எங்கடீ?"

நாற்காலி இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் முன்னால் இருந்த மேசையில் இப்போது தங்கச்சியின் சீப்புகள், தங்கச்சியின் பிரஷ்கள், தங்கச்சியின் தண்ணீர் பாட்டில்.

ராங்கிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் முட்டி போடச் சொன்னபோது, "தப்பு பண்ணாதவ எதுக்கு முட்டி போடணும்?" என்று கேட்டுவிட்டு நெட்டுக்குத்தலாக நின்றாள் பாருங்கள், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பெயர். பார்லர் தொடங்கிய பிறகு மரியாதைக்காகச் சிலர் பின்னால் ஓர் 'அக்கா' சேர்த்துக்கொண்டார்கள். மருந்துக் கடைக்கு மேலே மாடியில், குறுகலான படி ஏறிப் போனால் கண்ணாடிக் கதவு. உள்ளே சுவர் நீளத்துக்கு ஒரே கண்ணாடி, அதன் முன்னால் மூன்று நாற்காலிகள். ஜன்னலோர முதல் நாற்காலிதான் ராங்கியின் ராஜ்ஜியம். வெளிச்சம் நேராக விழும் இடம் அது. புருவம் எடுக்க அந்த ஊரில் அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது அவள் கட்சி. நடு நாற்காலி தங்கச்சிக்கு. மூன்றாவதில் வந்தவர்கள் கைப்பையை வைப்பார்கள்.

வியாதி வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், நீட்டி முழக்கினால் ராங்கிக்கே பிடிக்காது. அவளுக்குச் சுகர் இருந்தது. இருப்பது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள். ஒரு பெரிய காய்ச்சல் வந்து மூச்சுத் திணறியபோது ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு போட்டு உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். மருந்து காய்ச்சலைத் துரத்தியது, கூடவே சுகரை ஏற்றிவிட்டது, உடம்பின் காவலையும் தளர்த்திவிட்டது. அந்த நேரம் பார்த்து மூக்கு வழியாக உள்ளே புகுந்தது ஒரு பூஞ்சை. எங்கோ கடல் தாண்டி வந்த அதிசயம் ஒன்றுமில்லை. டப்பாவில் மறந்துபோன ரொட்டியில் பூக்கிறதே, அந்த இனம்தான். காற்றில், மண்ணில், எல்லா இடத்திலும் இருப்பது. நல்ல உடம்பில் அதன் பாச்சா பலிக்காது. இளைத்த உடம்பு கிடைத்தால் விடாது.

முதலில் இடது கன்னம் மரத்துப்போனது. பல் வலித்தது. மூக்கைச் சிந்தினால் பழுப்பாக ஏதோ வந்தது. பிறகு கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்பு படர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடித்துப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். ராங்கியோ அழகு நிலையக்காரி. கறுப்பைக் கண்டால் அவள் கை தானாகக் கன்சீலரைத் தேடும். கண்ணுக்குக் கீழே கறுப்பு என்றால் தூக்கம் போதவில்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியவள், தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாள். பூசி மறைத்துக்கொண்டு ஜோராக வேலைக்கும் வந்தாள்.

தலைவலி மண்டையைப் பிளந்த பிறகுதான் டாக்டரிடம் கிளம்பினாள். அன்றைக்கும் வெறும் முகத்தோடு படி இறங்க மனம் வரவில்லை. இடது இமை பாதி சரிந்திருந்ததால் தானாகப் பூசிக்கொள்ள முடியவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டுப் பூசிவிடச் சொன்னாள். தங்கச்சி பொறுமையாக, நன்றாகவே பூசினாள். டாக்டர் அந்தச் சீரான முகத்தைப் பார்த்தார். வெளியே கூட்டம் காத்திருந்தது. வாயைத் திற என்றுகூடச் சொல்லாமல் சைனஸ் என்று முடிவு கட்டி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அண்ணத்தில் அப்போதே கறுப்பு இறங்கியிருந்தது.

அடுத்துப் போன பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா முதல் காரியமாக ஈரப் பஞ்சை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க டாக்டரம்மாவின் முகம்தான் மாறியது.

இடது கண் போனது. அதற்குக் கீழே இருந்த எலும்பு, மேல்வரிசையில் இடது பக்கப் பற்கள், அண்ணத்தில் பாதி, எல்லாம் போயின. கண் இருந்த குழியில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். மிச்சமிருந்த பூஞ்சையைக் கொல்ல வாரக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். அது ஏறும்போதெல்லாம் குளிர் தூக்கித் தூக்கிப் போடும், கட்டிலே ஆடும். "மருந்து ஏத்துறீங்களா, பேய் ஓட்டுறீங்களா?" என்று நர்ஸிடம் கேட்டாள். அண்ணத்தில் ஓட்டை இருந்ததால் வார்த்தையெல்லாம் மூக்கு வழியாகப் போய்விட்டது. நர்ஸுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. பல்லோடு சேர்த்து அண்ணத்தை அடைக்கிற பிளேட் ஒன்று செய்து மாட்டிய பிறகு, பேச்சு திரும்பியதும் அவள் செய்த முதல் வேலை அந்த நர்ஸைக் கூப்பிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டதுதான். நல்ல நையாண்டியை வீணாக விட அவளுக்கு மனசு வராது.

வீட்டுக்கு வந்த அன்று வீட்டுக்காரர் ஆசையாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர், பேசினால் உருப்படியாகப் பேசுகிறவர்.

"எனக்கு நீ எப்படி இருந்தாலும் ஒண்ணுதான். வெளியே போறப்ப உனக்கு வேணும்னா..."

"வேண்டாம். மறைச்சு மறைச்சுத்தான் ஒரு கண்ணைக் குடுத்தேன். இனி இந்த முகத்துல ஒரு சிட்டிகை பவுடர்கூட மறைக்கிறதுக்காகப் போட மாட்டேன். பார்க்கிறவன் பார்க்கட்டும். பார்க்க முடியாதவன் வேற பக்கம் பார்க்கட்டும். ரோடு ரெண்டு பக்கமும் இருக்கு."

வீட்டுக்காரர் கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டு, "அப்ப எனக்கு நல்லாருக்கா?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவளிடம்தான் தங்கச்சி திரைச்சீலையை நீட்டியிருந்தாள்.

"கஸ்டமர் பயப்படுவாங்கக்கா" என்றாள் தங்கச்சி. "நம்மகிட்ட அழகாகணும்னு வர்றாங்க. கண்ணாடியில அவங்க முகத்துக்குப் பின்னாடி..." முடிக்கவில்லை.

"என் முகம் தெரியும். சொல்லு, ஏன் முழுங்குற?"

ராங்கி தங்கச்சியின் சீப்புகளை வாரி நடு மேசையில் கொட்டிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். முழங்கால்வரை பாவாடையைத் தூக்கிக்கொண்டு, நூற்கண்டிலிருந்து ஒரு முழம் இழுத்தாள். புருவம் எடுக்கப் பழகுகிறவர்கள் முதலில் தங்கள் காலில்தான் பழகுவார்கள். அவளும் அப்படித்தான் ஒரு காலத்தில் பழகினாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு பக்கத்தை இரண்டு கையிலும் முறுக்கிப் பிடித்து, கத்தரி மாதிரி திறந்து மூட வேண்டும். கடித்தாள், முறுக்கினாள், இழுத்தாள். நூலோடு சேர்ந்து பிளேட்டும் கழன்று வந்து தரையில் விழுந்து, வேக்ஸ் டப்பா வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது.

தங்கச்சி பதறிப்போய் எடுக்கக் குனிந்தாள். ராங்கி கையைக் காட்டித் தடுத்துவிட்டு, தானே எடுத்துக் கழுவி மாட்டிக்கொண்டாள். பிளேட் நின்றது வலது பக்கப் பற்களின் தயவில். அதே பற்களில் நூலைக் கடித்து இழுத்தால் அது எப்படி நிற்கும்? போதாக்குறைக்கு ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. நூல் தோலைத் தொட்டுவிட்டதா, இன்னும் அரை விரல் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. முகத்தைப் பற்றி அவளுக்கு வெட்கம் இல்லை. கை தோற்றது மட்டும் சுருக்கென்று தைத்தது.

"சரி" என்றாள். "ஒரு மாசம் உள்ளே இருக்கேன். மாஸ்க் இல்ல, கண்ணாடி இல்ல. அதுக்குள்ள கத்துக்கிட்டு வந்தா இந்த நாற்காலி என்னுது. சம்மதமா?"

தங்கச்சி உடனே தலையாட்டினாள். ஆட்டிய வேகத்திலேயே தெரிந்தது, நடக்காது என்ற நம்பிக்கை.

அந்த மாதம் வீட்டுக்காரருக்குச் சோதனை மாதம். நூலைப் பல்லில் கடிக்க முடியாவிட்டால் என்ன, கழுத்து இருக்கிறதே என்று ராங்கி நூலைப் பின்கழுத்தில் சுற்றிப் போட்டாள். கழுத்தை அசைத்தால் நூல் இறுகும், தளரும். நான்கு நாள் கழுத்தில் சிவப்புக் கோடு விழுந்து எரிந்தது. ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டு அதையும் சமாளித்தாள். தூரத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்: சுண்டு விரலை நாற்காலியில் இருப்பவரின் நெற்றி எலும்பில் ஊன்றிக்கொள்வது. விரல் தொட்டுவிட்டால் நூல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணைக் கேட்க வேண்டியதில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழகுவதற்குத் தோல் வேண்டுமே. தன் கால் இரண்டிலும் பிடுங்க ஒன்றுமில்லாமல் போன பிறகு வீட்டுக்காரரின் கை வந்தது. சாப்பிட்டு முடித்து டிவி பார்க்கிறவரின் முழங்கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். இரண்டு கையும் மழமழவென்று ஆன பிறகு, "நிமிர்ந்து உட்காருங்க, புருவம்" என்றாள்.

"என் புருவம் உன்னை என்ன பண்ணுச்சு?"

"அடர்த்தியா இருக்கு. வாகா இருக்கு. சும்மா இருங்க, ஆடினா பாதி போயிடும்."

ஆடாமல் இருந்தும் முதல் நாள் பாதி போனது. வேலை செய்கிற இடத்தில் ஆளாளுக்குக் கிண்டல். ஒருத்தன், "அண்ணே, லிஃப்ட்ல மாட்டிக்கிச்சா?" என்று கேட்டானாம். வீட்டுக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. "என் பொண்டாட்டி வேலைக்குத் திரும்பறா, அதுக்கு நான் குடுத்த சந்தா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அதை அவர் வீட்டில் வந்து சொன்னபோது ராங்கி அழுதுவிட்டாள். அழுகை வந்தால் ஒரு கண்ணில்தான் நீர் வழிகிறது. அது அவளுக்கே விசித்திரமாக இருந்தது, அழுகை பாதியில் சிரிப்பாகிவிட்டது.

மாதம் முடியும்போது அவர் புருவம் இரண்டும் ஒழுங்காக வளர்ந்து, ஒழுங்காக எடுக்கப்பட்டு, ஜம்மென்று இருந்தன. ராங்கி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் தங்கச்சி, "இந்த வாரம் வேண்டாம்கா, அடுத்த வாரம்" என்றாள். அடுத்த வாரம் வந்ததும் அதற்கடுத்த வாரம் என்றாள். திரைச்சீலைக்குப் பின்னால் வேக்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. ராங்கியும்தான்.

ஒரு காலை நேரம் கல்யாணப் பெண் ஒருத்தி தன் அம்மாவோடும் அத்தையோடும் சித்தியோடும் வந்து இறங்கினாள். பெண்ணுக்கு மட்டுமல்ல, நால்வருக்குமே எல்லாம் செய்ய வேண்டும். கல்யாண வேலையும் இந்த பார்லருக்கே என்று பேச்சு. தங்கச்சி ஒரே ஆளாக அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தாள். நடு நாற்காலியில் பெண்ணின் முகத்தில் பேக் காய்ந்துகொண்டிருந்தது, மூலை ஸ்டூலில் அத்தைக்குத் தலையில் சாயம், சித்தி கைப்பை நாற்காலியில் கைப்பையோடு கைப்பையாக உட்கார்ந்து பொறுமை இழந்துகொண்டிருந்தாள். பெண்ணின் அம்மா, "எனக்கு ஐப்ரோ மட்டுமாவது யாராவது பண்ணிவிடுங்களேன், எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்று சத்தம் போட்டாள்.

திரைச்சீலை விலகியது. ராங்கி வெளியே வந்து ஜன்னலோர நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வாங்கம்மா. உட்காருங்க. நான் பண்றேன்."

அந்த அம்மாள் திரும்பினாள். பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போனது. பிறகு ராங்கியிடம் கேட்காமல் தங்கச்சியிடம் கேட்டாள்: "ஐயையோ, இவங்களுக்கு என்ன ஆச்சு?"

"என்கிட்டயே கேளுங்கம்மா" என்றாள் ராங்கி. "கண்ணுதான் ஒண்ணு. காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எனக்கு வந்தது கறுப்புப் பூஞ்சை. வந்துச்சு, தின்னுச்சு, போயிடுச்சு. இது அது மிச்சம் வச்சது."

"தொத்திக்காதா?"

"தொத்தாது. ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குப் போற வியாதியே இல்ல அது. போறதா இருந்தா முதல்ல என் வீட்டுக்காரருக்குப் போயிருக்கணும். அவர் கிண்ணுன்னு இருக்கார். புருவம்கூட உங்களைவிட நல்லாருக்கு."

சாயத் தலையோடு இருந்த அத்தை களுக்கென்று சிரித்துவிட்டு, யாரும் கூடச் சிரிக்காததால் அடக்கிக்கொண்டாள். பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய், "இங்க பாரும்மா" என்று மறுபடியும் தங்கச்சியிடமே பேசினாள். "நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். எனக்கு நெஞ்சு படபடன்னு வருது. அவங்க உள்ளே போயிட்டா நாங்க இருக்கோம். இல்லன்னா வேற இடம் பார்த்துக்கிறோம்."

எல்லோரும் தங்கச்சியைப் பார்த்தார்கள். பேக் காய்ந்த முகத்தோடு கல்யாணப் பெண்ணும் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். தங்கச்சி பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"அக்கா... ஒரு அரை மணி நேரம்... உள்ளே..."

"மாட்டேன்" என்றாள் ராங்கி.

கத்தவில்லை. டீச்சருக்குப் பதில் சொன்ன அதே குரல், பிளேட்டின் தயவில் சற்றுக் கரகரப்பாக. நூற்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். அந்த இடத்தைவிட்டு அவளை நகர்த்த வேண்டுமென்றால் நாற்காலியோடு சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும் போலிருந்தது.

பெண்ணின் முகத்தை அவசர அவசரமாகக் கழுவினார்கள். அத்தையின் தலையில் ஒரு துண்டைச் சுற்றினார்கள். நான்கு பேரும் படி இறங்குகிற சத்தம் கீழே மருந்துக் கடை வரைக்கும் கேட்டது. கல்யாண வேலை அப்படியே கைநழுவிப் போனது. இந்தச் செய்தி வாய்வழியாக எத்தனை வீட்டுக்குப் போகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

கதவு மூடியதும் தங்கச்சி வெடித்தாள்.

"திருப்தியாக்கா உனக்கு? ராங்கி ராங்கின்னு பேரெடுத்தது பத்தாதா? நீ படுத்திருந்தப்போ இந்தக் கடையை நாய் படாத பாடு பட்டு நான் ஒருத்தி நடத்தினேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் கவுத்துட்டியே!"

"நடத்தினே. இல்லைன்னு சொல்லல. அதுக்காக என்னை வேக்ஸ் டப்பாகூட வச்சுப் பூட்டுவியா? ஒரு மாசம்னு பேச்சு. கத்துக்கிட்டேன். அப்புறம் எதுக்கு வாரத்துக்கு வாரம் வாய்தா வாங்குற? கஸ்டமர் கஸ்டமர்ங்கறியே, எந்தக் கஸ்டமர் வந்து உன்கிட்ட அழுதா?"

"கஸ்டமர் இல்ல!" என்றாள் தங்கச்சி. குரல் உடைந்துவிட்டது. "நான். எனக்குத்தான் முடியல. நீ அந்த ஜன்னல்கிட்ட நின்னா நாள் முழுக்கக் கண்ணாடியில உன் முகம். அந்தப் பக்கம் திரும்பினா உன் முகம், இந்தப் பக்கம் திரும்பினா உன் முகம். பார்க்கிறப்பல்லாம் என் கை தெரியுது. அந்தக் கறுப்பு மேல ரெண்டு கோட்டு பூசி, பவுடர் தட்டி, 'இப்ப டக்கர்க்கா'ன்னு சொல்லி அனுப்பினேனே. நான் பூசாம அனுப்பியிருந்தா அந்த டாக்டர் பார்த்திருப்பாருக்கா. உன் கண்ணு இருந்திருக்கும்."

ராங்கி நூற்கண்டை மேசையில் வைத்தாள். இத்தனை மாதமும் ஊர் தன் முகத்தைப் பார்த்துப் பயப்படுவதாகவும், தங்கச்சி அந்த ஊருக்குப் பயப்படுவதாகவும் கணக்குப் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போதெல்லாம் தங்கச்சிதான் கிண்ணம் பிடித்தாள். முகம் சுளித்ததில்லை. அப்படியெல்லாம் பிடித்தவள் உள்ளுக்குள் இதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் இருந்த இடத்தில் இப்போது என்னவோ போலிருந்தது. தங்கச்சியை இழுத்து ஓர் அறை விடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பூசச் சொன்னது யாரு?" என்றாள் கடைசியில்.

"நீதான். இருந்தாலும்..."

"என்ன இருந்தாலும்? நான் சொன்னேன், நீ பூசின. நீ மாட்டேன்னிருந்தா ஒரு கையால இமையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நானே அப்பிக்கிட்டுப் போயிருப்பேன். வாயைத் திறக்கச் சொல்லாத டாக்டர் ஒருத்தர். சுகரைக் கவனிக்காத மகராசி ஒருத்தி, அது நான். எல்லாரும் ஆளுக்கொரு கை போட்டோம். மொத்தத்தையும் நீ ஒருத்தி தூக்கிக்கிட்டு அலையணும்னு யார் கேட்டா?"

"உனக்குக் கோபமே வரலையாக்கா?"

"வராம? ஆஸ்பத்திரியில முதல் தடவை கண்ணாடி பார்த்த அன்னிக்கு வந்துச்சு. உன்மேல, டாக்டர்மேல, ரொட்டிமேல, காத்துமேல, எல்லாத்துமேலயும். சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் பயங்கரமாப் பசிச்சுது. கஞ்சி குடிச்சேன், மூக்கு வழியா வந்துச்சு. அந்த ஆத்திரத்துல உன்மேல இருந்த கோபத்தை எங்கே வச்சேன்னே மறந்துட்டேன்."

தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்ததற்காக மறுபடி அழுதாள். ராங்கி கிட்டே போய் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். இரண்டு பேரின் முகங்களும் நீளக் கண்ணாடியில் அருகருகே தெரிந்தன. தங்கச்சி பார்வையைத் தாழ்த்தப் பார்த்தாள், ராங்கி விடவில்லை.

"பாரு. நல்லாப் பாருடீ. இந்த முகம் உன்மேல புகார் சொல்ல வரல. வேலைக்கு வந்திருக்கு."

தங்கச்சி பார்த்தாள். ஒட்டிய தோல், உள்வாங்கிய கன்னம், ஒரு பக்கம் ஏறி நின்ற உதடு. அடிக்கடி துடைத்துவிட்ட முகம்தான். ஆனால் கட்டுக்கும் மருந்துக்கும் நடுவே முகத்தை முகமாக அவள் பார்த்ததில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். மேல் இமையை ஒரு கையாலும் நெற்றியை ஒரு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.

"எடு" என்றாள்.

ராங்கி நாற்காலிக்குப் பின்னால் நின்று, துண்டை மடித்துக் கழுத்தில் போட்டு, அதன்மேல் நூலைச் சுற்றினாள். சுண்டு விரலைத் தங்கச்சியின் நெற்றி எலும்பில் ஊன்றினாள். வலது புருவம் மளமளவென்று முடிந்தது. இடது பக்கம் வந்தபோது, தன் கண் இல்லாத பக்கம் என்பதால் உடம்பையே சுற்றிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி எடுத்தாள். தங்கச்சிக்குக் கண்ணோரம் நீர் வழிந்தபடியே இருந்தது. அது நூலால் வந்ததா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

முடித்துவிட்டுக் கைக்கண்ணாடியை நீட்டினாள். தங்கச்சி முகத்தை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தாள். தொழில்காரி ஆயிற்றே, பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இடது பக்கம் கொஞ்சம் தூக்கிடுச்சுக்கா."

"தெரியுது" என்றாள் ராங்கி. "நான் முதன்முதலா ஒருத்திக்கு எடுத்தது இதைவிடக் கோணல். அப்ப எனக்கு ரெண்டு கண்ணு இருந்துச்சு, வாய் நிறையப் பல் இருந்துச்சு. யாரும் என்னைத் திரைக்குப் பின்னாடி போன்னு சொல்லல."

தங்கச்சி கண்ணாடியைக் கீழே வைத்தாள். எழுந்துபோய், நடு மேசையில் கிடந்த அக்காவின் கத்தரியையும் பவுடர் டப்பாவையும் எடுத்து வந்து ஜன்னலோர மேசையில் வரிசையாக வைத்தாள். அப்படி வைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக் கதவு திறந்தது. வழக்கமாக வருகிற வங்கிக்காரம்மா, கையில் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

"ஐப்ரோ. யாரும்மா சும்மா இருக்கீங்க?" என்றவள் ராங்கியைப் பார்த்ததும் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினாள். தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சியின் தூக்கிய இடது புருவத்தையும் பார்த்தாள்.

"அக்காதான் சும்மா இருக்காங்க" என்றாள் தங்கச்சி. கோணல் புருவத்தோடு, குரல் இறங்காமல் சொன்னாள். ஜன்னலோர நாற்காலியைத் துடைத்து வந்தவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

வங்கிக்காரம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். "ரொம்ப நேரம் ஆகுமா?" என்று கேட்டாள்.

"ஆகும்மா" என்றாள் ராங்கி, கழுத்துத் துண்டைச் சரி செய்தபடி. "ஒரு கண்ணை வச்சுக்கிட்டு ரெண்டு புருவம் எடுக்கணும், முன்னே மாதிரி சட்டுனு முடியாது. அவசரம்னா நாளைக்கு வாங்க. நாளைக்கும் நான் இங்கேதான் நிப்பேன்."